உல்கும் கூலியும்

பண்டைத் தமிழகத்தின் கடல் வாணிகம் பற்றி எழுதுவோர் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு பெறப்பட்ட செய்தியைக் கூறாது விடுவதில்லை. உல்காவது சுங்கம் என்று ஒரு சொல்லால் பொருள் கூறி மேற்செல்லுதலும் அவர்தம் வழக்கம். உரையாசிரியர் கூறிய பொருள் அதுவே. அகராதிகள் தருவதும் அதுவே. ஆயினும் செப்பேடுகளைப் பயிலுங்கால் உல்கு என்னும் சொல்லுக்கு மிக அணித்தாகக் கூலி என்று முடியும் வருவாய்ப் பெயர்கள் சில நிற்கக் காண்கின்றோம். ஓடக்கூலி, நீர்க்கூலி, துலாக்கூலி என்பன அவை. வரலாற்று நூல்கள் பலவும் இவற்றையெல்லாம் 'வரிகள்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கிச் சோழர் காலத்துக் குடிகள் இத்துணை வரிகளைச் சுமந்தனர் என்று தொகை கூறுகின்றன. சரக்கின்மேல் விதித்துக் கொள்வதையும், அச்சரக்கை ஓடத்தில் ஏற்றிக் கரை சேர்த்ததற்குப் பெறுவதையும் ஓரினமாக எண்ணிய கணக்கு அது. இவ்விரண்டும் தம்முள் வேறு என்பதையும், அவ்வேற்றுமையைப் பழந்தமிழர் சொல்லளவிலேனும் பிழையாது பேணினர் என்பதையும், பிற்காலத்தே அது மங்கிய வரலாற்றையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் உல்கினை எடுத்துக்கொள்வோம். கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தை விரித்துரைக்கும் பட்டினப்பாலையில் இச்சொல் வருமிடம் யாவரும் அறிந்தது. கடலிலிருந்து கரைக்கு ஏறும் பண்டங்களும் கரையிலிருந்து கடலுக்கு இறங்கும் பண்டங்களும் அளவின்றிக் குவிந்து கிடக்கின்றன. மழைக்காலத்து மேகம் கடல்நீரை முகந்து மலையிற் பொழிதலும், பொழிந்த நீர் மீண்டும் கடலிற் பரத்தலும் ஆகிய இரு செயல்களையும் புலவர் இதற்கு உவமையாக்குவர். அரசனுடைய பொருளைக் காக்கும் தொழிலையுடைய நற்புகழாளர் நாள்தோறும் ஓய்வின்றி உல்கு கொள்கின்றனர்; புலி இலச்சினை பொறித்துப் பண்டங்களைப் புறம்போக விடுகின்றனர். இப்பகுதியிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. இறக்குமதி, ஏற்றுமதி ஆகிய இரண்டும் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்தன. கொள்பவர் அரசனுடைய ஆட்கள். கொண்டதற்கு அடையாளம் அரசனுடைய இலச்சினை. இவற்றுள் மூன்றாவது பெரிதும் கருதத்தக்கது. வணிகன் தன் பெயரையும் எண்ணையும் பொதியின்மேல் எழுதிவைத்த வழக்கம் சிலப்பதிகாரத்தில் இந்திர விழவைக் கூறுமிடத்தே வருகின்றது. அவ்வெழுத்துப் பொருள் இன்னாருடையது என்று காட்டும். புலிப்பொறியோ அப்பொருள் வேந்தனுடைய வாயிலைக் கடந்துவிட்டது என்று காட்டும். ஒன்று உடைமையின் குறி. மற்றொன்று ஆணையின் குறி.

உல்கு என்பது கடற்றுறையில் மட்டும் பெறுவது எனவும், உள்நாட்டு வழிகளிற் பெறுவதே சுங்கம் எனவும் சிலர் வேறுபடுத்துவர். எளிதில் நினைவில் நிற்கும் பாகுபாடுதான். ஆயினும் அது நூற்சான்றோடு பொருந்தவில்லை. பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படைக்கும் ஆசிரியர். அந்நூலில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் பெருவழிகளை உல்குடையன என்று அவர் கூறுகின்றார். கடற்கரைக்கும் காட்டுவழிக்கும் ஒரே புலவர் ஒரே சொல்லை ஆண்டிருத்தலின், இடம்பற்றிய வேறுபாடு அச்சொல்லுக்குள் இல்லை என்பது தெளிவு. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் கலத்தில் வருவனவற்றையும் தரைவழி வருவனவற்றையும் சேர்த்தே இதற்குப் பொருள் கூறினார்.

திருக்குறளில் இச்சொல் நிற்குமிடம் இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தின் ஆறாங்குறள் (756) வேந்தனுக்கு உரிய பொருள்கள் மூன்றினைக் கூறுகின்றது. உடையவர் இன்மையால் தானே வந்தடையும் உறுபொருள் ஒன்று. உல்காகிய பொருள் ஒன்று. பகைவரை வென்று பெறும் திறை ஒன்று. நிலத்தின் விளைவில் ஆறிலொன்று இவற்றுள் எண்ணப்படவில்லை. இம்மூன்றையும் ஓரினமாக்கிய இயைபு யாது? வாரிசின்றிக் கிடந்த பொருளுக்கு வேந்தன் எவருக்கும் விலை தருவதில்லை. தோற்றவன் தரும் திறைக்கும் ஈடாக ஒன்றைத் தருவதில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே உல்கு வைக்கப்பட்டிருத்தலின், உல்கும் கைம்மாறு கருதாது உரிமையால் வருவது என்றே வள்ளுவர் காலத்தார் கொண்டனர் என்பது நம் துணிபு. இதே நூல் கூலி என்னும் சொல்லை வேறோரிடத்தில் ஆள்கின்றது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், ஊழ் கைகொடாதபோதும் உடலை வருத்திய முயற்சி அதற்குரிய கூலியைத் தந்துவிடும் என்ற கருத்து வருகின்றது (619). வருத்தமின்றிக் கூலி இல்லை. வருத்தம் உண்டாயின் கூலி தப்பாது. ஒரே நூலில் ஒன்று வேந்தன் பொருளுக்குள்ளும், மற்றொன்று உழைப்பாளன் கைக்குள்ளும் நிற்றலைக் காண்க.

உறுபொருளும் உல்கும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமைக்குப் பிற்காலச் சான்று ஒன்று தெலுங்கு நாட்டுக் கடற்கரையிலிருந்து கிடைக்கின்றது. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வணிகர்க்கு அபயம் அளித்து ஒரு சாசனம் பொறித்தான். கடலில் அலைந்து கரை ஒதுங்கிய மரக்கலங்களின் பொருள் முழுவதையும் முன்னை அரசர்கள் கவர்ந்து வந்தனர் என்றும், தான் அதனை விடுத்து வரையறுத்த சுங்கம் ஒன்றையே கொள்வதாகவும் அவன் அதில் கூறுகின்றான். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிற்கும் முப்பதில் ஒரு பங்கு என்பது வீதம். உடையவன் கையை விட்டு நீங்கிய பொருள் அரசனுடையது என்ற பழைய உரிமையை விட்டு, கடந்து செல்லும் பொருளில் ஒரு பங்கு என்ற உரிமையை மட்டும் அவன் வைத்துக்கொண்டான். இரண்டும் ஒரே அரசுரிமையின் இரு கிளைகள் என்பது இதனால் விளங்கும்.

இனிக் கூலிக்கு வருவோம். இதனை ஆராய்தற்குப் பூம்புகாரின் நிலத்தையே முதலில் நோக்குதல் நன்று. இந்நாளில் மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கிய இவ்வூரில் 1962-63ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தினர். அப்போது கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. மரக்கம்பங்களும் அங்கே நாட்டப்பட்டிருந்தன. கரிமக் காலக்கணிப்பு அதனைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது எனக் காட்டிற்று. உப்பங்கழியை ஒட்டிய இவ்விடத்தில் அணைந்தவை படகுகளே. வண்டல் படியும் ஆற்றுமுகத்தில் பெருங்கலங்கள் எக்காலத்தும் கரையை ஒட்டி நிற்றல் அரிது. ஆகவே கலத்திற்கும் கரைக்கும் இடையே ஓடமும், ஓடத்தைச் செலுத்துவாரும், பொதி சுமப்பாரும், நிறுத்துக் கணக்கிடுவாரும் வேண்டப்பட்டனர். பட்டினப்பாலை இவர்களுடைய ஊதியத்தைப் பேசவில்லை. வேந்தன் பெருமை கூறுவதே அந்நூலின் நோக்கமாதலின், வேந்தனுக்கு வருவதைக் கூறிச் சுமந்தவன் பெற்றதைக் கூறாதுவிட்டது வியப்பன்று. அச்செய்தியைக் கேட்க நாம் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு கழித்துப் பூம்புகாருக்குத் தெற்கே நாகப்பட்டினத்திற்குச் செல்ல வேண்டியுள்ளது.

முதலாம் இராசராசனுடைய 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூளாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. செப்பேடுகள் பின்னாளில் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகர்க்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப்படுகின்றன. நிலத்திலிருந்து வரும் காணிக்கடனாக 8,900 கலத்திற்கு மேற்பட்ட நெல்லை முதலிற் கூறிய அவ்வாவணம், பின்னர் விகாரத்திற்கு உரிமையாகும் ஏனைய வருவாய்களை நீண்ட நிரலாக அடுக்குகின்றது. நாடுகாவல், தரகு, தறிப்புடவை, தட்டாரப்பாட்டம், நீர்க்கூலி முதலியவற்றோடு உல்கும் ஓடக்கூலியும் அங்கே இடம்பெறுகின்றன. உல்கு முன்னும் ஓடக்கூலி அதனை அடுத்தும் நிற்கின்றன. ஆற்றுத்துறையில் ஒரு வணிகன் தன் பொதியோடு வந்து இறங்குகின்றான் எனக் கொள்வோம். பொதிக்கு அவன் உல்கு இறுக்கின்றான். ஓடம் ஏறியதற்குக் கூலி தருகின்றான். பொதியின்றி வந்தவனுக்கு உல்கு இல்லை, கூலி உண்டு. தன் சொந்த ஓடத்தில் வந்தவனுக்குக் கூலி இல்லை, உல்கு உண்டு. ஒரே துறையில், ஒரே நாளில், ஒரே ஆளிடம் பெறப்படினும் இரண்டும் வெவ்வேறு காரணம் பற்றியவை. எழுதினோர் இதனை நன்குணர்ந்தே இரு பெயரால் எழுதினர்.

இதே காலத்தில் சேரநாட்டிலும் இவ்விணை காணப்படுகின்றது. பாற்கர இரவிவர்மன் கி.பி. 1000 அளவில் முயிரிக்கோட்டில் இருந்து யூத வணிகர் தலைவனான ஈசுப்பு இரப்பானுக்கு அளித்த செப்பேடு, அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் வழங்கியதோடு, உல்கையும் துலாக்கூலியையும் அவனுக்கு நீக்கியது. துலாக்கூலியாவது துலாக்கோலில் நிறுத்துக் கொடுத்ததற்குப் பெறுவது. கிழக்குக் கடற்கரையில் ஓடத்தோடு சேர்ந்து நின்ற உல்கு மேற்குக் கடற்கரையில் தராசோடு சேர்ந்து நிற்கின்றது. இரு நாட்டு எழுத்தரும் ஒருவரையொருவர் கண்டு ஒத்துக்கொண்டு எழுதியிருக்க இயலாது. வாணிக வழக்கு இரு கடற்கரைகளிலும் ஒன்றாயிருந்தது எனக் கொள்ளுதலே பொருத்தம்.

ஈண்டு ஒரு தடை எழும். பெரும்பாணாற்றுப்படையில் உல்குடைய பெருவழியின் கவர்த்த நெறிகளை வில்லேந்திய வீரர் காக்கின்றனர். ஆகவே உல்கும் காவலுக்குக் கொடுத்த கூலிதானே என்று வினவலாம். தக்க வினாவே. ஆயினும் ஆனைமங்கல ஆவணம் நாடுகாவல் என்பதை உல்கின் வேறாகக் கூறியிருத்தலின், காவலுக்கென ஒரு பெயர் இருந்தது. உல்கு அதனைக் குறிக்கவில்லை. வடமொழி அர்த்தசாத்திரத்தோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். அந்நூல் சுல்கம் என்பதைத் தனியே கூறி, எல்லைக்காவலன் வண்டிப் பாரம் ஒன்றுக்கு ஒன்றேகால் பணம் வீதம் பெறும் வழிக்காசை வர்த்தனி என வேறு பெயரால் கூறும். வர்த்தனி பெற்றவன் வழியில் வணிகன் இழந்த பொருளை ஈடுசெய்தல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. சுல்கம் பெற்றவன்மீது அத்தகைய கடப்பாடு வைக்கப்படவில்லை. வாங்கினவன் எதற்குப் பொறுப்பாகின்றான் என்று கேட்டால் பெயர்களின் வேறுபாடு தானே வெளிப்படும்.

இனி ஒன்று கூற வேண்டும். கூலி என்ற பெயருடையதெல்லாம் உண்மையிலேயே கூலியாக நின்றது என்று நாம் சாதிக்கவில்லை. அரசன் துலாக்கூலியை விடுகின்றான் எனின் அக்கூலி அதற்கு முன்னரே அவனுடைய வருவாயாக மாறிவிட்டது என்பது பொருள். நிறுத்தவனுக்கு உரியது நிறுப்பித்தவனுக்குச் சென்றுவிட்டது. அரசனுடைய துலாக்கோலில்தான் நிறுக்க வேண்டும், வேறு கோல் தொடலாகாது என்ற நிலை வந்தபின், கூலி என்று பெயர் சொல்லி வாங்கினும் வணிகனுக்கு அது உல்கினின்று வேறாகத் தோன்றியிராது. ஆயினும் விடுதலை கொடுக்கும்போது ஒரு வேற்றுமை தெரிகின்றது. உல்கை விட்டால் அரசன் வருவாய் இழப்பான்; அவ்வளவே. கூலியை விட்டாலோ, நிறுப்பவனுக்கும் ஓடம் செலுத்துபவனுக்கும் எவரேனும் சோறளித்தாக வேண்டும். ஆனைமங்கலத்து ஓடக்கூலி நீக்கப்படாமல் விகாரத்திற்கு மாற்றப்பட்டதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். வருவாயோடு ஓடத்தைப் பேணும் பொறுப்பும் விகாரத்தைச் சார்ந்திருக்கும் என்று நாம் கருதுகின்றோம்.

இதே விகாரத்தின் பொருட்டு எழுதப்பட்ட மற்றோர் ஆவணம் சொல் மாறியதைக் காட்டுகின்றது. முதலாம் குலோத்துங்கனுடைய 20ஆம் ஆட்சியாண்டாகிய 1090இல், கடாரத்து அரசன் தூதர் வேண்டியவாறு, விகாரத்தின் ஊர்களுக்கு வரிநீக்கம் அளித்து எழுதப்பட்ட சிறிய லெய்டன் செப்பேடு அது. அதன் நிரல் குறுகியது: அந்தராயம், வீரசேஷை, பன்மை பண்டவெட்டி, குந்தாலி, சுங்கமேரா. உல்கு இல்லை; ஓடக்கூலியும் இல்லை; சுங்கம் வந்துவிட்டது. இச்சொல் வடமொழிச் சுல்கம் பிராகிருத வழியே திரிந்து வந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் சுங்க என்னும் வடிவே வழங்குகின்றது. உல்கு என்பதையும் சுல்கத்தின் முதலெழுத்துக் கெட்ட வடிவம் என்று கூறுவார் உளர். அவர் கூற்று உண்மையாயின், ஒரே சொல் இருமுறை இந்நாட்டில் வந்திறங்கியது என்றாகும். துறைமுக நகரங்களில் சொல்லும் சரக்குப்போல் மீண்டும் மீண்டும் வருவது இயல்பே. சுங்கமேரா என்பதன் பிற்பகுதியை மேரை என்னும் சொல்லோடு இயைத்துப் பார்க்கலாம். களத்தில் ஊர்ப்பணியாளர்க்கு அளந்து கொடுத்த பங்கு தஞ்சை நாட்டில் மேரை எனப்பட்டது. இவ்வியைபு சரியாயின் சுங்கம் வாங்கும் பணியாளரின் பங்கும் சுங்கத்தோடு சேர்த்து வாங்கப்பட்டது எனலாம். உல்கும் கூலியும் ஒரு பெயருக்குள் கலக்கத் தொடங்கிய இடம் இதுவே போலும்.

அக்குலோத்துங்கனே சுங்கந்தவிர்த்த சோழன் எனப் புகழப்பட்டவன். பள்ளி நூல்கள் இப்பட்டத்தை, அவன் வரிகளை ஒழித்தான் என்று விளக்குவதுண்டு. அவ்விளக்கம் மிகைபட்டது. தன் ஆட்சியிலேயே நிலத்தை அளப்பித்தவன் (1086) அவன். நிலவரியை விட்டவன் நிலத்தை அளக்க வேண்டா. அவன் தவிர்த்தது வழியிலும் துறையிலும் சரக்கின்மேற் பெற்றதையே. வாணிகத்திற்கு அது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. 1077இல் சீனத்திற்குத் தூது விடுத்தவனுக்கு அதன் பயன் நன்கு தெரிந்தே இருக்கும். ஆனால் உழவனுக்கு அதனால் ஒரு நாழி நெல்லும் குறைந்திராது. காவிரியின் கழனிகளில் இறை முன்போலவே அளக்கப்பட்டது. இறைக்கும் சுங்கத்திற்கும் வேறுபாடு காணாது எழுதுவோர், ஒரு வணிக நலச் செயலைக் குடிகள் அனைவர்க்கும் செய்த உதவியாக்கி விடுகின்றனர்.

நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, பி. சண்முகம் முதலிய அறிஞர்கள் சோழர் கல்வெட்டுகளின் வருவாய்ச் சொற்களை இடமும் காலமும் பற்றித் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். அத்தொகைகளைக் கொண்டு கூலி என முடிவன, இறை என முடிவன, பாட்டம் என முடிவன எனத் தனித்தனிப் பிரித்து நோக்கின் பயன் மிகும். எண்ணிக்கை மட்டும் கூறிச் சோழர் ஆட்சியைக் கொடியது என்றோ செல்வம் மிக்கது என்றோ கூறுதல் முறையன்று.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். உள்நாட்டு வழிச் சுங்கம் மொகலாயர், மராத்தியர் காலத்திற்குப்பின் சாயர் என்ற பெயரால் நடந்து, சென்னை மாகாணத்தில் 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. கடற்சுங்கம் எஞ்சியது, விடுதலைக்குப் பின்னர் அதற்கு 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் எழுந்தது. உல்குக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாடோ நீதிமன்றத்தில் புதுவடிவில் மீண்டும் தோன்றிற்று. 1951ஆம் ஆண்டுச் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, மடங்களும் கோயில்களும் தம் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத தொகையை அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்துமாறு விதித்தது. மேற்பார்வைப் பணிக்கான கட்டணம் அது என்றது அரசு. சீரூர் மடத்து வழக்கில் 1954இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெறும் தொகைக்கும் செய்யும் பணிக்கும் இயைபு காட்டப்படவில்லை, தொகை அரசின் பொது நிதியிற் சென்று சேர்கின்றது, ஆதலின் அது கட்டணமன்று, வரியே என்றது. மாநிலச் சட்டமன்றத்திற்கு அத்தகைய வரியை விதிக்கும் அதிகாரமில்லை என அப்பிரிவு வீழ்ந்தது. பெயர் கூலியாயிருப்பினும் இயல்பு உல்கானால் உல்கென்றே கொள்ளப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 1983இல் ஆந்திர நாட்டு விளைபொருள் அங்காடிக் கட்டணம் பற்றிய வழக்கில், பணிக்கும் கட்டணத்திற்கும் காசுக்குக் காசு ஈடு வேண்டுவதில்லை, பொதுவான இயைபே போதும் என்று அதே நீதிமன்றம் கட்டினைத் தளர்த்தியது.

மக்கள் வழக்கு வேறு திசையிற் சென்றிருக்கின்றது. தேசிய நெடுஞ்சாலைகளில் வண்டிகளை நிறுத்திப் பெறும் தொகையை 2008ஆம் ஆண்டு விதிகள் கட்டணம் என்றே கூறுகின்றன. சாலையைப் பயன்படுத்தியதற்குத் தருவது அது, வண்டியிலுள்ள சரக்கின் மதிப்பை எவரும் கேட்பதில்லை, வெறுவண்டியும் தரவேண்டும். பழைய முறையில் எண்ணினால் அது ஓடக்கூலியின் இனம். தமிழர் அவ்விடத்திற்கு இட்ட பெயர் சுங்கச்சாவடி. சாலை பழுதுற்றுக் கிடக்கும்போதும் தொகை குறையாது பெறப்படுகின்றது என்று வண்டியோட்டிகள் முறையிடுவதுண்டு. கூலியாயின் பணி குறைந்தவிடத்துக் கூலியும் குறையவேண்டும் என்பதே அவர்தம் வழக்குரை. அப்பெயரை அவர்கள் விடாது வழங்குதற்கு அதுவும் ஒரு காரணமாதல் கூடும்.